மூன்று வருட அனுபவம்

ஆயிரத்து எண்பத்தேழு நாள் முடிந்திருந்தது. இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

ஷாலின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். மூன்று வருடத்துக்கு ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள் என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தாள். நடுவில் ஒரு பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் என்பது பிறகுதான் உறைத்தது. ஐந்தை அடித்து ஆறாக்கினாள். ஒரே ஒரு நாள்தான். அதற்கே அன்றைக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

காஸ்ட் அக்கவுண்டன்ட் பரீட்சைகளை எல்லாம் அவள் எழுதி முடித்தாயிற்று. கெமிஸ்ட்ரி படித்த பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டாயிற்று. பெயருக்குப் பின்னால் அந்த நாலு எழுத்தைப் போட்டுக்கொள்ள இனி ஒரே ஒரு காகிதம்தான் வேண்டும். பொருளுக்கு அடக்கவிலை போடும் காஸ்டிங் வேலையில் மூன்று வருட அனுபவம் உண்டு என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி, மேலதிகாரி கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துத் தர வேண்டும். அதை வைத்து மறைமலை நகரில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஜூன் பத்துக்குள் காகிதம் போய்ச் சேர வேண்டும்.

கையெழுத்துப் போட வேண்டியவர் விஜயராகவன். ஒரகடத்தில் கார்களுக்கு இரும்புப் பிராக்கெட் செய்யும் அந்தக் கம்பெனியில் காஸ்டிங் பிரிவுக்கு அவர்தான் தலை. குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஷாலினை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "வா, கெமிஸ்ட்ரி" என்பார். முதல் வாரமே சொல்லிவிட்டார்.

"மூணு வருஷம் முழுசா முடி. லெட்டர் நான் தரேன். ஒரு நாள் குறைஞ்சாலும் கையெழுத்து கிடையாது. பொய் எழுதற பழக்கம் எனக்கு இல்லம்மா."

அவள் ஒரு நாளும் குறைக்கவில்லை. தம்பி டெனிசனின் நிச்சயதார்த்தத்துக்குப் போகாமல் மாதக் கடைசிக் கணக்கு முடித்தாள். வெள்ளம் வந்து வாலாஜாபாத் பஸ் நின்றுபோனபோது முழங்கால் தண்ணீரில் நடந்து பெரிய ரோட்டுக்கு வந்தாள்.

ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் உறுத்திக்கொண்டிருந்தது. கம்பெனியில் நிரந்தரமானவர்களுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. காஸ்டிங் அறையில் உட்கார்ந்திருந்தாலும் அவளுக்குச் சாம்பல்தான். ஆள் சப்ளை செய்யும் ஆறுமுகநயினார் கணக்கில் அவள் 'ஹெல்பர், பேக்கிங்'. சாம்பல் சட்டைக்குக் கம்ப்யூட்டரில் லாகின் கிடையாது. அதனால் விஜயராகவன் ஒரு சின்னக் காகிதத்தில் வேறொருத்தியின் லாகினும் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்திருந்தார். ஏலவார்குழலி. டிரெய்னியாகச் சேர்ந்த பெண்ணாம், கல்யாணம் ஆகிப் போய்விட்டாளாம்.

"ரோல்ஸ்ல என்னவா இருந்தா என்ன? நீ பண்றது காஸ்டிங். அது எனக்குத் தெரியும்ல?" என்றார்.

அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. மூன்று வருடமாக ஒவ்வொரு காலையும் அந்தப் பெயரைத் தட்டித்தான் உள்ளே போனாள். அவள் போட்ட ஒவ்வொரு ஷீட்டின் அடியிலும் 'தயாரித்தவர்: ஏலவார்குழலி' என்று வந்தது. அழகான பெயர் என்று தோன்றும். எங்கே, எப்படி இருக்கிறாளோ என்று எப்போதாவது நினைத்துக்கொள்வாள்.

ஒன்பது நாள் பாக்கி இருந்த அந்த வெள்ளிக்கிழமை, விஜயராகவன் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். இருபத்துமூன்று வயது இருக்கும். கழுத்தில் விசிட்டர் பாஸ் பின்பக்கமாகத் திரும்பித் தொங்கியது.

"கெமிஸ்ட்ரி, இது அம்மு. நமக்கு ரொம்ப வேண்டியவங்க பொண்ணு. நீ போனப்புறம் இங்க யாராச்சும் வேணும்ல. நீ பண்றது மொத்தத்தையும் சொல்லிக் குடு. நாலு பேர் கேள்வி கேட்டா மூணு வருஷமா பண்ணின மாதிரி பதில் வரணும்."

"சரி சார்."

"இவளுக்கு ஐடி இன்னும் வரல. அதே லாகின்லயே பாக்கட்டும்."

அம்மு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஷாலின் பெயரைத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, இது யாருது?"

"முன்னாடி இருந்தவங்க. கல்யாணமாகிப் போயிட்டாங்களாம்."

"கல்யாணமா!" அம்மு சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் இருமல் வந்தது. பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். "மாப்ள யாருன்னு சொன்னாங்களா?"

"அதெல்லாம் தெரியாது."

"பாவம், அந்த மாப்ள" என்றாள் அம்மு.

ஷாலினும் சிரித்து வைத்தாள். எதற்கென்று புரியவில்லை. புரியாதபோது சிரித்து வைப்பது அவள் வழக்கம்.

சொல்லிக் கொடுக்க அவளுக்குப் பிடித்திருந்தது. மூன்று வருடமாக அவள் வேலையைப் பற்றி யாரும் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஒரு பிராக்கெட்டுக்கு எவ்வளவு தகடு போகிறது, வெட்டியது போக மிச்சம் எங்கே போகிறது, பவுடர் கோட்டிங் அடுப்பு ஒரு மணி நேரம் சும்மா எரிந்தால் அதை யார் தலையில் ஏற்றுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மு பாதி நேரம் போனைப் பார்த்தாள். ஆனாலும் சூட்டிகைதான். ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொண்டாள்.

"காஸ்ட் அக்கவுண்டன்ட் ஃபைனல் கிளியர் பண்ணிட்டியா நீ?" என்று ஷாலின் கேட்டாள்.

"மூணாவது அட்டெம்ப்ட்ல. நீங்க?"

"முதல்லயே."

"ஐயோ, அக்கா! நீங்க எங்கயோ இருக்க வேண்டியவங்க."

"அப்போ நீ இனிமேதான் மூணு வருஷம் பண்ணணும்" என்றாள் ஷாலின். அவளுக்காக உண்மையிலேயே இரக்கப்பட்டாள்.

"அதெல்லாம் அப்பா பாத்துக்கறாரு" என்றாள் அம்மு.

புதன்கிழமை, நாலு நாள் பாக்கி இருக்கும்போது, அறுநூற்று நாற்பது பிராக்கெட்டுகள் திரும்பி வந்தன. கறுப்புப் பூச்சு உரிந்திருந்தது. வாங்கின கம்பெனி, காரணம் என்ன என்று எழுத்தில் கேட்டிருந்தது. ஷாலின் ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். வெங்காயத் தோல் மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அடியில் இரும்பு எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. விரலை வைத்தால் வழுக்கியது.

அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பூச்சுக்கு முன்னால் பிராக்கெட்டைக் கழுவும் தொட்டியில் கரைசல் செத்துப்போயிருக்கிறது. மாதம் இரண்டு தடவை மாற்ற வேண்டிய கரைசல் அது. 'ஒரு தடவை போதும், செலவு மிச்சம்' என்று ஏப்ரலில் விஜயராகவன் குறிப்பு அனுப்பியிருந்தார். அதை டைப் அடித்ததே அவள்தான்.

'காரணம்: கழுவும் தொட்டி' என்று ஷீட்டில் போட்டு அவர் அறைக்குக் கொண்டுபோனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தொட்டியா? நீ உள்ள எறங்கிப் பாத்தியா?"

"இல்ல சார். ஆனா எண்ணெய் போகவே இல்ல சார். அது வந்து..."

"எண்ணெய் கையில இருந்தும் வரலாம்ல? கொக்கியில மாட்டறாங்களே பொம்பளைங்க, செகண்ட் ஷிஃப்ட். கையுறை போடாம தொட்டா எண்ணெய் ஒட்டத்தானே செய்யும்? நீ கெமிஸ்ட்ரி, உனக்குத் தெரியாததா."

கைப்பிசுக்கு என்றால் விரல் பட்ட இடத்தில் மட்டும் உரியும், இது முழுசாக உரிந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார்.

"சனிக்கிழமையோட உனக்கு மூணு வருஷம் முடியுது, இல்ல? நான் மறக்கல. லெட்டரை நீயே டைப் பண்ணி வை. என்னென்ன பண்ணினன்னு ஒண்ணு விடாம எழுது. பேரும் நம்பரும் ஹெச்.ஆர்ல போட்டுப்பாங்க, அந்த எடத்த மட்டும் காலியா விட்டுடு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்த ஷீட்டையும் சரி பண்ணிக் கொண்டா."

ஷாலின் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அம்மு பக்கத்தில் மாம்பழ ஜூஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"காரணத்தை எப்படிக்கா மாத்துவீங்க?"

"இதோ, இங்க." பட்டியலை இறக்கிக் காட்டினாள். 'ஆபரேட்டர் தவறு' மூன்றாவதாக இருந்தது. "இதைத் தேர்ந்தெடுத்தா ஷிஃப்ட் கேக்கும். ஷிஃப்டைப் போட்டா அன்னிக்கு யார் யார் நின்னாங்களோ அவங்க பேர் தானா வந்துடும்."

நாலு பெயர் வந்தது. முதல் பெயர் செல்லக்கனி.

செல்லக்கனி உடன்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை, ஊரில் ஒரு பெண் பிளஸ் டூ படிக்கிறாள். கேன்டீனில் சாம்பல் சட்டைகளுக்கு இரண்டாவது பந்தி. நீலச் சட்டைகள் எழுந்துபோன பிறகு உட்காரும் அந்தப் பந்தியில் மூன்று வருடமாக ஷாலினுக்கு இடம் பிடித்து வைப்பவள் அவள். கம்பெனி வாரம் ஒரு ஜோடி கையுறைதான் தரும். மற்றவர்கள் இரண்டாம் நாளே கிழித்துவிடுவார்கள். செல்லக்கனி ரூமுக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்து, மடித்துப் பையில் வைத்துக் கொண்டுவருவாள்.

ஷாலினுக்கு இதெல்லாம் தெரியும். சேமி பட்டனை அழுத்தினாள். 'தயாரித்தவர்: ஏலவார்குழலி' என்று வந்தது. அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

மறுநாள் சாயங்காலம் ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, ஷேர் ஆட்டோ வரிசையில் செல்லக்கனியைப் பார்த்தாள். காலடியில் ஒரு பெரிய பை, ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் சுருட்டிய பாய். ஷாலின் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"ஏ பிள்ள, ஷாலினு! எதுக்கு ஒளியுத? இங்க வா."

போனாள்.

"நாலு பேரையும் நிப்பாட்டிட்டானுவ, தெரியுமா? ஆறுமுகநயினாரு ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டாரு. நா கையுறை போடாம வேல செஞ்சேனாம்லா. சூப்பர்வைசர் பேப்பரக் கொண்டாந்து காட்டுதான், எம்பேரு முத ஆளா இருக்கு." பையைத் திறந்து மடித்து வைத்திருந்த கையுறைகளை எடுத்தாள். வெள்ளையாக இருந்தன. "இதப் பாரு. இதப் போட்டுக்கிட்டா கை எப்பிடிப் படும்?"

"கஷ்டமா இருக்குக்கா."

"அந்தப் பேப்பரு ஒங்க ரூம்ல இருந்துதான வருது? நீதான எல்லாத்தையும் அடிச்சுக் குடுக்க?"

ஷாலின் ரோட்டைப் பார்த்தாள். கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு நீள லாரி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"சொல்லு பிள்ள. நீயா எழுதுன?"

"அதுல என் பேர் இருந்துச்சாக்கா?"

"இல்ல. ஏதோ கொழலின்னு போட்டிருந்துச்சு."

"அப்புறம் என்னக்கா? சிஸ்டம்ல எங்கயுமே என் பேர் கிடையாது."

உண்மைதான். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. செல்லக்கனி பையின் வாயை மூடினாள்.

"யாரு அவ, கொழலி? நல்லா இருப்பாளா அவ? நா ஒருத்தருக்கும் ஒண்ணும் செய்யலியே பிள்ள."

"சிங்கபெருமா கோயிலு, சிங்கபெருமா கோயிலு! ஒரு சீட்டுதான் கீது. யம்மா, வாளி, நீ ஏறு!" என்று ஆட்டோக்காரர் கத்தினார்.

"யாரு வாளி? ஒனக்கு நா வாளியா?" என்றபடியே செல்லக்கனி ஏறினாள். உட்கார இடம் போதாமல் பாயை மடியில் வைத்துக்கொண்டாள். கையுறைகளை மட்டும் வெளியே நீட்டினாள். "இந்தா, நீ வச்சுக்கோ. ஊருல எனக்கு எதுக்கு?"

ஷாலின் வாங்கிக்கொண்டாள். ஆட்டோ போனபிறகு அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டிபன் பைக்குள் திணித்தாள்.

அன்று வீட்டில் லெட்டரை எழுதினாள். முதலில் ஒரு பக்கம் வந்தது. திரும்பப் படித்து இரண்டு பக்கமாக்கினாள். எந்த மாதம் எந்தப் பாகத்துக்கு விலை கட்டினாள், எந்த ஷீட்டை முதன்முதலில் அவளே வடிவமைத்தாள், தகட்டு மிச்சத்தில் என்ன தவறைக் கண்டுபிடித்தாள் என்று எல்லாவற்றையும் போட்டாள். தன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக அவள் எங்கேயும் எழுதியதில்லை. கூச்சமாக இருந்தது. பெயர் வர வேண்டிய இடத்தில் புள்ளிகள் வைத்தாள்.

அம்மா அருள்மேரி எட்டிப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசைக்கு நன்றிப் பூசை குடுத்திருக்கேன். உன் பேரைச் சாமியார் வாசிப்பாரு. அப்பாவும் செக்யூரிட்டி டூட்டியை மாத்திக்கினாரு."

"லெட்டர் கைக்கு வரட்டும்மா."

"வராம எங்க போவும்? நாள் கணக்கு முடிஞ்சா வந்துதானே ஆவணும்?"

வெள்ளிக்கிழமை அம்மு ஷாலினுடைய நோட்டை வாங்கிக்கொண்டாள். "ஒரே நைட், ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தரேன்க்கா" என்றாள். கடைசிப் பக்கத்துப் பென்சில் கோடுகளைப் பார்த்துவிட்டு, "இது என்னக்கா, ஜெயில் மாதிரி?" என்று கேட்டுச் சிரித்தாள்.

சனிக்கிழமை கோடு போட நோட்டு இல்லை. ஷாலின் உள்ளங்கையில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். ஆயிரத்துத் தொண்ணூற்றாறு.

நாலு மணிக்கு ஹெச்.ஆருக்குப் போனாள். வினோதினி கவரை நீட்டினாள். "காஸ்டிங் லெட்டர்தானே? உங்க சார் கையெழுத்து போட்டாச்சு. அவர்கிட்ட குடுத்துடு."

கவர் ஒட்டியிருக்கவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்று பிரித்தாள். அவள் எழுதிய இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை மாறாமல் இருந்தது. கம்பெனித் தலைப்பு, முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. 2022 ஜூன் ஒன்று முதல் என்று தேதியும் சரி. புள்ளிகள் இருந்த இடத்தில் மட்டும் 'வி. ஏலவார்குழலி' என்று இருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஹெச்.ஆரில் கம்ப்யூட்டரைப் பார்த்து லாகின் பெயரை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். நல்லவேளை, இன்றைக்கே கண்ணில் பட்டது. இரண்டிரண்டு படியாக ஏறி அவர் அறைக்கு ஓடினாள்.

விஜயராகவன் பையை மூடிக்கொண்டிருந்தார். எதிரில் அம்மு, மேசைமேல் ஷாலினின் நோட்டு.

"சார், சாரி சார். பேர் தப்பா வந்திருக்கு சார். அஞ்சு நிமிஷத்துல மாத்திக் கொண்டாந்துடறேன்."

"எங்க, காட்டு." வாங்கிப் படித்தார். இரண்டு பக்கமும் பொறுமையாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்க. தப்பு ஒண்ணும் இல்லையே."

"பேர் சார்."

"பேர் சரியாத்தான் இருக்கு."

ஷாலினுக்குப் புரியவில்லை. புரியாததால் சிரித்தாள். சிரித்த வாயை மூடத் தெரியவில்லை.

"சார், இது நான் பண்ணின வேலை சார்."

"சிஸ்டம்ல உன் பேர் எங்கம்மா இருக்கு?"

அவர் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோல்தான் கேட்டார்.

"நீங்க... நீங்க லெட்டர் தரேன்னு சொன்னீங்க சார்."

"பொய் எழுதற பழக்கம் எனக்கு இல்லன்னும் சொன்னேன். கேட் ரெஜிஸ்டர்ல மூணு வருஷமா நீ பேக்கிங் ஹெல்பர். ஹெல்பருக்கு நான் எப்படிக் காஸ்டிங் அனுபவம் எழுதறது? வெளிய யார்கிட்ட வேணா போய்ச் சொல்லு. அடுத்தவங்க லாகின்ல ஏன் உக்காந்தன்னு உன்னைத்தான் முதல்ல கேப்பாங்க. அந்த நாலு பொம்பளைங்க ஷீட்டை யார் மாத்தினாங்கன்னும் கேப்பாங்க."

டிபன் பைக்குள் கையுறைகள் இருந்தன. அவள் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தூண், வாளி, பாய், 'நல்லா இருப்பாளா அவ?' எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. அன்றைக்கு ஒளிந்துகொள்ள உதவிய பெயர் இப்போது மேசைமேல் பச்சைக் கையெழுத்தோடு கிடந்தது.

"அவங்கதான் போயிட்டாங்களே சார்" என்றாள். "போனவங்களுக்கு எதுக்கு சார் லெட்டர்? யார் சார் அந்த ஏலவார்குழலி?"

விஜயராகவன் பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. திரும்ப இழுத்தார்.

அம்மு எழுந்தாள். லெட்டரை மடிப்பு விழாமல் எடுத்துக் கவருக்குள் வைத்தாள். நோட்டை ஷாலின் பக்கம் மெதுவாகத் தள்ளினாள்.

"நான்தான்க்கா ஏலவார்குழலி" என்றாள். "இவர் எங்கப்பா."